தானுந்து வளிபதனத்தின் திறன் தேவை

தானுந்து வளிபதனத்தின் திறன் தேவை என்பது, காரின் உட்புறத்தைப் பயணிகளுக்கு இதமான வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் வைத்திருக்க அதன் குளிர்சாதன அமைப்புக்கு வேண்டிய திறனின் அளவாகும். நான்கைந்து பேர் அமரும் சிறிய தானுந்தில், தமிழகத்துக் கோடை நண்பகலில், ஏறத்தாழ 3 கிலோவாட்டு வெப்பத்தைத் தொடர்ந்து வெளியேற்ற வேண்டியிருக்கும். வெயிலில் நின்ற வண்டியை விரைந்து குளிர்விக்க 4 முதல் 5 கிலோவாட்டு வரை வேண்டும். இதற்காக இயந்திரத்திலிருந்து எடுக்கப்படும் திறன் 2 முதல் 4 கிலோவாட்டு, அதாவது சுமார் 3 முதல் 5 குதிரைத்திறன் ஆகும். இயந்திரத்தின் பெருமத் திறனோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்ணே. ஆனால் நகரத் தெருவில் ஊர்ந்து செல்லும் ஒரு சிறிய காரை நகர்த்துவதற்கு இதைவிடக் குறைந்த திறனே போதும்.

இக்கட்டுரையின் கணக்குகளுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள அறந்தாங்கி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. ஏறத்தாழ 10.2 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ள இவ்வூரில், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகத்து இறுதியிலும் நண்பகல் கதிரவன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. பாக்கு நீரிணைக் கரை இங்கிருந்து 25 முதல் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆகவே இவ்வூர் வண்டிகள் ஒரே நாளில் புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட வெயிலையும் மணமேல்குடி, கட்டுமாவடிப் பக்கத்து ஈரக் கடற்காற்றையும் சந்திக்கின்றன. இவ்விரண்டும் குளிர்சாதனத்துக்கு ஒரே வகைச் சுமை அல்ல.

குளிர்விப்புத் திறனும் இயக்கத் திறனும்

"ஏசிக்கு எவ்வளவு பவர் வேண்டும்" என்ற கேள்விக்கு இரு வேறு விடைகள் உண்டு. அவற்றைப் பிரித்தறியாமையே பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். முதலாவது, ஒரு நொடியில் வண்டிக்குள்ளிருந்து எவ்வளவு வெப்பம் அகற்றப்படுகிறது என்பது. இது குளிர்விப்புத் திறன் எனப்படும். இரண்டாவது, அவ்வெப்பத்தை அகற்றும் அமுக்கியைச் சுழற்ற இயந்திரம் எவ்வளவு திறன் தர வேண்டும் என்பது. பணிமனைகளில் கம்ப்ரசர் என வழங்குவது இந்த அமுக்கியே.

குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் கொட்டுகிறது. எனவே கொடுக்கும் திறனைவிடக் கூடுதலான வெப்பத்தை அதனால் நகர்த்த முடியும். இவ்விரண்டுக்கும் உள்ள விகிதம் செயல்திறன் கெழு எனப்படும். கெழு 2 என்றால், 1 கிலோவாட்டு இயக்கத் திறனைக் கொண்டு 2 கிலோவாட்டு வெப்பம் அகற்றப்படும். வீட்டுச் சுவரில் மாட்டும் கருவிகளில் இக்கெழு 3-க்கு மேல் இருப்பது வழக்கம். தானுந்தில் கோடைக்கால நடைமுறையில் இது 1.5 முதல் 2 வரையே கிடைக்கிறது. அடுப்புப்போல் சூடான இயந்திர அறையை ஒட்டியே கருவி முழுவதும் அமைந்திருப்பதும், வெப்பத்தைக் கொட்டும் ஒடுக்கி சிறியதாக இருந்தாக வேண்டியிருப்பதும், அமுக்கியின் வேகம் குளிரின் தேவைப்படி அல்லாமல் இயந்திரத்தின் வேகப்படி மாறுவதும் இதன் காரணங்கள்.

குளிர்விப்புத் திறனை அளக்க வழங்கும் "டன்" என்ற அலகு 3.517 கிலோவாட்டுக்குச் சமம். ஒரு டன் பனிக்கட்டி 24 மணிநேரத்தில் உருகும்போது உட்கொள்ளும் வெப்பத்தின் அடிப்படையில் இது வகுக்கப்பட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஒரு டன் கருவி வாங்குவோர், மூன்று கனமீட்டர் அளவே காற்றுள்ள சிறிய காருக்கும் ஏறக்குறைய அதே அளவு தேவைப்படுவதைக் கண்டு வியப்பதுண்டு. அறைக்குச் செங்கற் சுவர் இருக்கிறது. காருக்கு இருப்பது மெல்லிய தகடும் கண்ணாடியும்தான்.

வெப்பம் நுழையும் வழிகள்

நேர் வெயிலில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் ஏறத்தாழ 1000 வாட்டு கதிரவ ஆற்றல் விழுகிறது. கூரையில் விழுவதில் சிறு பங்கே உள்ளே இறங்குகிறது. கண்ணாடி வழியே நுழைவதுதான் பெரும் பகுதி. சாய்வு, நிழல் ஆகியவற்றைக் கழித்தாலும், சிறிய வண்டி ஒன்றில் இவ்வழியாக 700 முதல் 1000 வாட்டு வரை நுழையக்கூடும். கதிரவ ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பில் உள்ளது. எனவே வெப்பத்தைத் தடுக்கக் கண்ணாடி கறுப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்காமலே சுமையைக் குறைக்கும். நடுவண் அரசின் மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியைக் கடத்த வேண்டும்.

தகடு, கண்ணாடி, தரை ஆகியவற்றின் வழியாக வெப்பநிலை வேறுபாட்டால் கடத்தப்படும் வெப்பம் சுமார் 500 வாட்டு. அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஏறத்தாழ 100 முதல் 120 வாட்டு வெப்பத்தை வெளியிடுகிறார். ஐவர் அமர்ந்தால் அதுவே அரைக் கிலோவாட்டுக்கு மேல் ஆகிவிடும். திருமணத்துக்குப் புறப்படும் வண்டிகளில் எத்தனை பேர் ஏறுவர் என்பதை வாசகர் அறிவர். இயந்திர அறையிலிருந்து கசியும் வெப்பத்துக்கும் உள்விசிறிக்கும் சேர்த்து 200 முதல் 300 வாட்டு. இவை எல்லாம் வெப்பமானியைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கக் கூடியவை. எஞ்சியிருப்பது வெளிக்காற்று. அது ஊருக்கு ஊர் மாறும்.

ஈரப்பதத்தின் பங்கு

வெளியிலிருந்து ஒரு நொடிக்கு 0.03 கிலோகிராம் காற்று, அதாவது சுமார் 25 லிட்டர், வண்டிக்குள் வருவதாகக் கொள்வோம். உள்ளே வேண்டியது 25 பாகை செல்சியசு, 50 விழுக்காடு சார் ஈரப்பதம்.

உள்நாட்டு வறண்ட நண்பகல் ஒன்றில் வெளியே 38 பாகையும் 30 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், இக்காற்றைப் பதப்படுத்த ஏறத்தாழ 0.6 கிலோவாட்டு போதும். கடலோரத்தில் வெப்பநிலை 34 பாகையாகக் குறைந்து, ஈரப்பதம் 65 விழுக்காடாக இருந்தால் அதே அளவு காற்றுக்கு 1.2 கிலோவாட்டு தேவைப்படும். வெப்பமானி நான்கு பாகை குறைவாகக் காட்டும் இடத்தில் வெளிக்காற்றின் சுமை இரு மடங்காகிறது.

காற்றிலுள்ள நீராவி நீராக மாறும்போது வெளியிடும் உள்ளுறை வெப்பமே இதற்குக் காரணம். ஆவியாக்கியின் குளிர்ந்த குழாய்களில் படியும் ஒவ்வொரு கிலோகிராம் நீரும் ஏறத்தாழ 2450 கிலோயூல் வெப்பத்தை அங்கே விட்டுச் செல்கிறது. மேற்கூறிய கடலோரக் காற்றிலிருந்து மணிக்கு 1.3 லிட்டர் நீர் பிரிகிறது. வறண்ட காற்றிலிருந்து 0.3 லிட்டருக்கும் குறைவு. நிறுத்திய வண்டியின் அடியில் சொட்டும் நீர் இதுதான். இதைக் கண்டு வண்டியில் ஏதோ ஒழுகுவதாக அஞ்சத் தேவையில்லை. கடற்கரைச் சாலையில் ஒழுங்காகச் சொட்டும் வண்டி ஒழுங்காக வேலை செய்யும் வண்டி. புழுக்கமான நாளில் சொட்டு நின்றுபோனால்தான் வடிகுழாய் அடைபட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். அடைபட்டால் அந்நீர் முன்னிருக்கையின் கால்விரிப்பில் தேங்கும்.

உட்காற்றையே மீண்டும் சுழற்றும் நிலையில் பொத்தானை வைத்தால் இச்சுமையின் பெரும்பகுதி நீங்கும். கோடையில் குளிர் போதவில்லை என்று குறைகூறும் வண்டிகள் சிலவற்றில் இப்பொத்தான் வெளிக்காற்றுப் பக்கம் இருப்பதே காரணமாக இருக்கும். எனினும் மூடிய வண்டியில் பயணிகள் வெளிவிடும் கரியமிலவளி சேர்ந்து ஓட்டுநருக்கு அயர்ச்சி ஏற்படலாம் என்பதால், நெடும்பயணத்தில் இடையிடையே வெளிக்காற்றை விடுவது நல்லது.

வெயிலில் நின்ற வண்டி

பேருந்து நிலையத்தருகே நண்பகலில் நிறுத்திய காரின் உட்காற்று 55 முதல் 60 பாகை வரையும், முகப்புப் பலகை அதற்கு மேலும் சூடாகலாம். இவ்வெப்பத்தில் காற்றின் பங்கு மிகச் சிறியது. மூன்று கனமீட்டர் காற்றை 35 பாகை குளிர்விக்க ஏறத்தாழ 120 கிலோயூல் போதும். 3 கிலோவாட்டுக் கருவிக்கு அது முக்கால் நிமிட வேலை. இருக்கைகள், பலகைகள், கதவுப் பூச்சுகள் என்று நூறு கிலோகிராம் அளவுள்ள பொருள்கள் சூடேறியிருப்பதுதான் சிக்கல். அவற்றை 25 பாகை குளிர்விக்க 3000 கிலோயூலுக்கு மேல் அகற்ற வேண்டும். 4 கிலோவாட்டுக் கருவி முழு மூச்சாக ஓடினாலும் 13 நிமிடங்கள் ஆகும். இதற்கிடையே கதிரவனும் பயணிகளும் தத்தம் பங்கைச் சேர்த்துக்கொண்டே இருப்பர். தானுந்துக் குளிர்சாதனங்களின் அளவு இந்த முதற் கால் மணிநேரத்தை மனத்திற்கொண்டே முடிவு செய்யப்படுகிறது. பின்னர் அவை பாதித் திறனில் ஓடினாலே போதுமானது.

புறப்படும்போது கதவுகளைத் திறந்து சூடான காற்றை வெளியேற்றி, முதல் ஓரிரு நிமிடங்கள் சாளரங்களை இறக்கி ஓட்டிவிட்டுப் பின்னர் மூடுவது பயன் தரும். உட்காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை வெளிக்காற்றே செலவில்லாத குளிர்சாதனம். நிழலில் நிறுத்துவதற்கு ஈடான கருவி எதுவும் இல்லை.

வெப்பம் ஏறும் வேகம் உயிர் தொடர்பானது. மூடிய வண்டியின் உட்புறம் வெயிலில் முதல் 10 நிமிடங்களிலேயே 10 பாகை அளவுக்கு உயரக்கூடும். சாளரத்தைச் சற்றே திறந்து வைப்பதால் இது பெரிதாகக் குறைவதில்லை. குழந்தைகளின் உடல் பெரியவர்களின் உடலைவிட விரைவாகச் சூடேறும். கடையில் ஒரு பொருள் வாங்கித் திரும்பும் நேரத்துக்குக்கூடக் குழந்தையை மூடிய காரில் விட்டுச் செல்லலாகாது.

இயந்திரத்தின் மீதான சுமை

3 கிலோவாட்டு குளிர்விப்புக்கு, கெழுவைப் பொறுத்து, அமுக்கி 1.5 முதல் 2 கிலோவாட்டு வரை இழுக்கும். உள்விசிறி, ஒடுக்கியின் விசிறி ஆகிய இரண்டும் சுமார் 300 வாட்டு மின்சாரத்தை உண்ணும். ஆல்ட்டர்னேட்டரின் இழப்பையும் சேர்த்தால் அது இயந்திரத்துக்கு ஏறத்தாழ 500 வாட்டுச் சுமை. ஆகமொத்தம் நிலையான ஓட்டத்தில் 2 முதல் 2.5 கிலோவாட்டு; தொடக்கக் குளிர்விப்பில் 3 முதல் 4 கிலோவாட்டு.

சமதளச் சாலையில் 900 கிலோகிராம் எடையுள்ள சிறிய காரைச் சீராக ஓட்ட, உருளல் தடையும் காற்றுத் தடையும் சேர்ந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 1.1 கிலோவாட்டும், 60-இல் 3.6 கிலோவாட்டும், 80-இல் 6.8 கிலோவாட்டும் தேவைப்படுகின்றன. கடைத்தெருவில் 30-இல் செல்லும்போது வண்டியை நகர்த்துவதைப்போல் இரு மடங்குத் திறன் குளிர்விக்கச் செலவாகிறது. நெடுஞ்சாலையில் 80-இல் அது மூன்றில் ஒரு பங்கு.

1983 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 796 கன செ.மீ. இயந்திரம் ஏறத்தாழ 37 குதிரைத்திறன், அதாவது 27 கிலோவாட்டு தந்தது. அதில் 3 கிலோவாட்டு என்பது ஒன்பதில் ஒரு பங்கே. ஆயினும் 27 கிலோவாட்டு கிடைப்பது நிமிடத்துக்கு 5000 சுற்று அளவிலான உயர் வேகத்தில்தான். 1500 சுற்றில் கிடைக்கும் பெருமத் திறன் 9 கிலோவாட்டுக்குச் சற்று மேல். ஐந்து பேருடன் மேம்பாலம் ஏறும்போது அதிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் குளிர்சாதனம் பிடித்துக்கொண்டால் வண்டி திணறுவதில் வியப்பில்லை. ஏற்றத்தில் ஓட்டுநர்கள் ஏசியை அணைத்த பழக்கம் இதிலிருந்து வந்ததே. பிற்கால வண்டிகளில், முடுக்கியை முழுவதும் மிதித்தால் மின்னணுக் கட்டுப்பாடு தானே அமுக்கியின் மின்காந்தக் கிளட்சைச் சில நொடிகள் விடுவித்து, இவ்வேலையைச் செய்கிறது.

வண்டி நிற்கும்போது

தொடருந்துக் கடவையில் கதவு மூடியிருக்கும்போது குளிர் குறைவதைப் பயணிகள் உணர்வர். இயந்திரம் நிமிடத்துக்கு 850 சுற்று அளவில் சும்மா ஓடுவதால் அமுக்கியும் மெதுவாகச் சுழல்கிறது. வண்டி நகராததால் ஒடுக்கியின்மீது எதிர்காற்று படுவதில்லை. விசிறி மட்டுமே துணை. சூடான சாலையிலிருந்து எழும் காற்றையும் முன்வண்டியின் புகைச்சூட்டையுமே அது இழுக்கிறது. அதே வேளையில், 1.5 கிலோவாட்டு எடுக்கும் அமுக்கி அவ்வேகத்தில் சுமார் 17 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையைக் கேட்கும். சிறிய இயந்திரமொன்றின் பெரும முறுக்குவிசையே 60 நியூட்டன்-மீட்டர் அளவுதான். ஆகவே ஏசியை இயக்கியவுடன் சும்மா ஓடும் வேகத்தைச் சற்று உயர்த்தும் ஏற்பாடு இல்லையெனில் இயந்திரம் நின்றுவிடும்.

நிற்கும்போது குளிராமலும் ஓடும்போது நன்கு குளிர்ந்தும் இருந்தால் ஒடுக்கியின் விசிறியையும், ஒடுக்கியில் படிந்த தூசியையும் முதலில் பார்க்க வேண்டும். கடலோர வண்டிகளில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்திருக்கக் கூடும். பணிமனைகளில் குளிர் குறைந்தால் உடனே "கேஸ்" நிரப்புவது வழக்கமாகிவிட்டது. குளிர்பொருள் எரிபொருளைப்போல் செலவாகும் பொருள் அன்று. மூடிய சுற்றில் வலம்வருவது. விரைவில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது வீண். அளவுக்கு மேல் நிரப்பினால் அழுத்தம் கூடி அமுக்கி இழுக்கும் திறன் உயரும், குளிர் குறையும்.

எரிபொருளும் வாடகையும்

2 கிலோவாட்டு கூடுதல் சுமைக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை பெட்ரோல் செலவாகும். இச்செலவு தொலைவைப் பொறுத்ததன்று, நேரத்தைப் பொறுத்தது. வாடகை வண்டிகளில் "ஏசி", "நான் ஏசி" எனக் கிலோமீட்டருக்கு இரு கட்டணங்கள் கூறப்படுவது தமிழகத்தில் பரவலான வழக்கம். அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சி வானூர்தி நிலையம் செல்ல ஏறக்குறைய இரண்டு மணிநேரம் ஆகிறது. அதற்கு ஏசியின் கூடுதல் எரிபொருள் ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை. வெளிநாட்டிலிருந்து வருபவருக்காக அங்கே ஏசியுடன் இயந்திரத்தை ஓடவிட்டு ஒரு மணிநேரம் காத்திருந்தால், சும்மா ஓடும் செலவும் சேர்ந்து மேலும் ஒன்றேகால் லிட்டர் அளவு போய்விடும். கிலோமீட்டர் கணக்கில் கூடுதல் வாங்கும் ஓட்டுநருக்கு விரைவுச் சாலையில் ஆதாயம். நெரிசலிலும் காத்திருப்பிலும் இழப்பு. ஏசியை அணைக்கச் சொல்லி எழும் சச்சரவுகள் பெரும்பாலும் காத்திருப்பின்போதே நிகழ்வது இதனாலேயே.

சாளரங்களைத் திறந்து வேகமாக ஓட்டுவது ஏசியைவிடக் கூடுதல் எரிபொருளைக் குடிக்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. மேலே கொண்ட சிறிய வண்டியில் மணிக்கு 80 கிலோமீட்டரில் காற்றுத் தடையை வெல்ல மட்டும் 4.4 கிலோவாட்டு தேவை. திறந்த சாளரத்தால் அத்தடை பத்து விழுக்காடு கூடினாலும் கூடுதல் திறன் அரைக் கிலோவாட்டுக்கும் குறைவு. ஏசியின் 2 கிலோவாட்டுக்கு அது ஈடாகாது. மாவட்டச் சாலைகளின் வேகத்தில் எரிபொருளை மட்டும் கருதினால் திறந்த சாளரமே சிக்கனம். தூசி, இரைச்சல், அக்னி நட்சத்திரக் காலத்து அனற்காற்று ஆகியவற்றை எரிபொருட் கணக்கு காட்டாது.

மின் தானுந்துகளில்

மின் தானுந்தில் அமுக்கிக்குத் தனி மின்னோடி உண்டு. வண்டி நின்றாலும் தேவையான வேகத்தில் சுழலும் என்பதால் கடவையில் குளிர் குறைவது இவற்றில் மிகக் குறைவு. ஆனால் திறன் முழுவதும் மின்கலத்திலிருந்தே வர வேண்டும். சராசரியாக 1.2 கிலோவாட்டு இழுக்கும் ஏசி, மணிக்கு 30 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் கிலோமீட்டருக்கு 40 வாட்டு-மணியும், 80-இல் 15 வாட்டு-மணியும் எடுக்கும். ஓட்டத்துக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 110 வாட்டு-மணி செலவிடும் வண்டியில் 30 கிலோவாட்டு-மணி மின்கலம் இருந்தால், நகர ஓட்டத்தில் 270 கிலோமீட்டர் அளவிலான எட்டுத்தொலைவு 200 ஆகக் குறையும். மின்னேற்றியில் இணைந்திருக்கும்போதே வண்டியைக் குளிர்வித்துவிட்டுப் புறப்பட்டால், முதற் கால் மணிநேரத்துச் சுமை மின்கலத்தின்மீது விழாது.

வரலாறு

தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் பொருத்திய கார்களை அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939-இல் அறிமுகப்படுத்தியது. அதன் ஆவியாக்கி பின்புறப் பெட்டியறையில் பேரிடத்தை அடைத்துக்கொண்டது. அமுக்கிக்குக் கிளட்சு இல்லாமையால், குளிர் வேண்டாத பருவத்தில் வார்ப்பட்டையையே கழற்றி வைக்க வேண்டியிருந்தது. 1954-இல் நாசு நிறுவனம் முழு அமைப்பையும் வண்டியின் முன்பகுதியில் அடக்கியது. தொடக்கத்தில் பயன்பட்ட ஆர்-12 என்ற குளிர்பொருள் ஓசோன் படலத்தைச் சிதைத்தமையால், 1987-ஆம் ஆண்டு மொன்றியல் நெறிமுறையைத் தொடர்ந்து ஆர்-134ஏ அதன் இடத்தைப் பிடித்தது. இதுவும் புவி சூடாதலுக்குக் கரியமிலவளியைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் துணைபோவதால், ஆர்-1234ஒய்எஃப் போன்றவை மாற்றாக வந்துள்ளன. 2016-ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்புறுதி செய்தது. அதன்படி இவ்வகைப் பொருள்களின் பயன்பாட்டை 2032 முதல் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சரக்குந்துகள்

3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்குந்துகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று, 2023 திசம்பரில் நடுவண் அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் வண்டிகளுக்கு இது பொருந்தும் என அதில் கூறப்பட்டது. 150 கிலோவாட்டு இயந்திரத்துக்கு 2 முதல் 3 கிலோவாட்டு என்பது இரண்டு விழுக்காடு அளவே. சரக்குந்தில் சிக்கல் இரவில் எழுகிறது. வழியில் நிறுத்தி உறங்கும் ஓட்டுநர் ஏசிக்காக இயந்திரத்தை ஓடவிட்டால், 1 கிலோவாட்டு குளிருக்காகப் பெரிய இயந்திரம் முழுவதும் சுழல வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும்விட, நின்ற வண்டியின் புகைபோக்கியில் அல்லது தரையில் ஓட்டை இருந்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு உறங்குபவரின் அறைக்குள் புகலாம். மூடிய கொட்டகையில் அல்லது சுவரை ஒட்டிப் புகைபோக்கி இருக்கும்படி நிறுத்தினால் இக்கேடு கூடும். இது சரக்குந்துக்கு மட்டுமன்றி, காத்திருப்பின்போது ஏசி போட்டு உறங்கும் கார் ஓட்டுநர்களுக்கும் பொருந்தும்.